இறுக்காமல் போட்ட கோடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சிறுமலையில் இருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கும் மலைச்சாலையில் நடந்தது இது. இதுவரை இரண்டே பேரிடம்தான் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லியும் ஒன்றும் நேராகவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, வெங்காயம் ஏற்ற நாசிக், மார்பிள் ஏற்ற ராஜஸ்தான் என்று பத்துப் பதினைந்து வருடம் போய்விட்டது. ஒரு ஊரில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குக் கால் நிற்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பதை நெருங்கும்போது திண்டுக்கல்லுக்கே திரும்பி, கூப்பிடுகிறவர்களுக்கு ஆக்டிங் டிரைவராகப் போக ஆரம்பித்தேன். கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். நான் நிரந்தரமாக வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்தக் கார் மூலமாகத்தான் ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். ஏழெட்டுப் பேர். யாருடைய காரும் புதிது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மதுரை ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் கூடி, அங்கிருந்து சிறுமலைக்கோ ரெட்டியார்சத்திரம் பக்கமோ ஓட்டிப் போய்விட்டு மதியத்துக்குள் வீடு திரும்புவோம். போன இடத்தில் ஒன்றும் செய்ய மாட்டோம். எந்த பங்கில் டீசல் சுத்தம், யாருடைய கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் தாங்கியது, ஏ.சி. போட்டால் ஏற்றத்தில் ஏன் இழுப்பதில்லை, இதுதான் பேச்சு. வீட்டில் இருப்பவர்களுக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் குடத்தை எண்ணிக்கொண்டிருக்கிற வீடுகளில், காருக்கு என்று ஒரு வாளி தண்ணீரை ஒதுக்கி வைக்கிற ஆட்கள் நாங்கள்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு நெருக்கமானவர் ஒரு பாய். பேகம்பூர் பக்கம் வீடு. தோல் கிடங்கில் தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. அவரிடம் ஒரு சின்ன கார் இருந்தது. அரை வாளித் தண்ணீரில் முழு காரையும் கழுவி, மிச்சத் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றுவார். என்னை மாப்ள என்பார். அவர் மனைவி என்னை அண்ணே என்பார். அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலை ஏறும் முன்னால் எல்லா வண்டியையும் பார்ப்போம். ஆனால் அவரவர் வண்டியை அவரவர் பார்க்கக் கூடாது. சொந்த வண்டியின் கோளாறு பழகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக, சாவியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் ஆயில், பிரேக் ஆயில், காற்று எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாகச் சக்கரத்து நட்டுகளை ஸ்பேனர் போட்டு இறுக்குவார். இறுக்கியதும் ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் வீல் வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு நட்டு நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிவிடும். சாக்பீஸ் கொண்டு வருவது எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரே பெண், சின்னாளப்பட்டிக்காரர். அரசுப் பள்ளியில் டீச்சர். கோடு போட்ட வண்டியைத்தான் மலை ஏற்றுவோம். கோடு போட்டாயிற்று என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாயின் வண்டி என் கைக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் அவர் பழைய இரும்பு வீலைக் கழற்றிவிட்டு நாலு பக்கமும் அலாய் வீல் போட்டிருந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆனால் பளபளவென்று இருக்கும்.

"ஏன் பாய், காருக்குக் கொலுசு போட்டு விட்டாப்ல இருக்கு. நிக்காஹ் எப்போ?" என்றார் டீச்சர்.

"வயித்தெரிச்சல் டீச்சர். உங்க வண்டிக்கு வீல் கவரே மூணுதான் இருக்கு" என்றார் பாய். அவர் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்தபடியே, "எனக்கு ஒரு கொலுசு கேட்டு வருஷம் ரெண்டாச்சு டீச்சர்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்று அவர் வந்தது மலையில் வாழைப்பழம் வாங்க. அவர் எங்களோடு வருவதே அபூர்வம்.

பாய் என்னிடம் சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "நேத்து பின்னாடி இடது வீலு பஞ்சர் மாப்ள. கடையில மாட்டி விட்டாய்ங்க. அதை மட்டும் நல்லா பாரு."

பஞ்சர் கடையில் பெரும்பாலும் வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே நட்டைத் திருகி விட்டுவிடுவார்கள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு இன்னொரு தடவை அழுத்தி இறுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. லாரியில் நான் முதலில் கற்றுக்கொண்டதே இதுதான்.

நான் ஆயில் பார்த்தேன், காற்று பார்த்தேன். முன் சக்கரம் இரண்டு, பின்னால் வலது, மூன்றையும் இறுக்கிக் கோடு போட்டேன். இடது பின் சக்கரத்துக்கு வந்து உட்கார்ந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், ராஜஸ்தானில் ஒரு இறக்கத்தில் எனக்குப் பிரேக் போன கதையைச் சொல்லச் சொன்னார். புதிதாக வந்த ஒருவர் அதைக் கேட்டதில்லையாம். அந்தக் கதையை நான் நன்றாகச் சொல்வேன். படிக்காதவன் பேச்சைப் பத்துப் பேர் வாய் பார்த்துக்கொண்டு கேட்பது எனக்கு வேறு எங்கே கிடைக்கும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். சிரித்தார்கள். சொல்லி முடித்த வேகத்தில் திரும்பி உட்கார்ந்து, கையில் இருந்த சாக்பீஸால் நாலு நட்டிலும் கோடு போட்டேன். ஸ்பேனரை எடுத்து டிக்கியில் வைத்து மூடினேன்.

மலை உச்சியில் நிற்கும்போது ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாலாவது சக்கரத்தில் ஸ்பேனரை அழுத்திய நினைவு கைக்கு வரவில்லை. இருபது அடி தள்ளி நின்ற பாயின் வண்டியைப் பார்த்தேன். சக்கரத்தில் வெள்ளையாகக் கோடு தெரிந்தது. கோடு இருக்கிறதே, இறுக்காமலா போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இருபது அடி நடந்து போய்க் குனியவில்லை. என் கோட்டை நானே நம்பினேன்.

இறங்கும்போது நான் முதலில், டீச்சர் எனக்குப் பின்னால். பாயும் அவர் மனைவியும் பழம் வாங்கிவிட்டுக் கடைசியாக வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் இன்னும் மேலேயே இருந்தார்கள். பாதி மலையில் ஒரு வளைவில் இடம் அகலமாக இருக்கும். அங்கே நானும் டீச்சரும் வண்டியை ஓரம் கட்டிக் காத்திருந்தோம். செத்த நேரத்தில், மேல் ரோட்டில் இருந்து செடிகளை ஒடித்துக்கொண்டு ஒரு சக்கரம் உருண்டு வந்து, தார் ரோட்டில் இரண்டு தடவை குதித்து, என் காருக்கு முன்னால் சுழன்று சாய்ந்தது. அலாய் வீல்.

நட்டு ஒன்றுகூட இல்லை. நட்டு இருந்த ஓட்டைகளைச் சுற்றி, வீல் மேல் போன பாதிக் கோடுகள் மட்டும் நாலு இருந்தன.

டீச்சர் காரைத் திருப்பி மேலே ஏற்றினார். நான் சக்கரத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு ஓடினேன். அடுத்த வளைவுக்கு மேலே வண்டி இடது பக்கப் பாறையில் மோதிக் கிடந்தது. பாய்க்கு நெற்றியில் ரத்தம், தோள் இறங்கியிருந்தது. அவர் மனைவி பக்கத்துக் கதவு உள்ளே நெளிந்திருந்தது. ரோடு முழுக்க வாழைப்பழம். அந்த அம்மா கத்தவில்லை. "காலை எடுக்க முடியல அண்ணே" என்று மட்டும் சொன்னார். கதவை நெம்பித் திறந்து, டீச்சர் வண்டியின் பின் சீட்டில் படுக்க வைத்து இறக்கினோம். இடுப்பெலும்பும் தொடை எலும்பும் உடைந்திருந்தன. திண்டுக்கல்லில் முடியாது என்று மதுரைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கூடினோம். எப்படி நடந்தது என்று பேச்சு வந்தது. டீச்சர்தான் சொன்னார்: "நான் கண்ணால பார்த்தேன்யா. வீல்ல கோடு இருந்துச்சு. இறுக்காம யாரு கோடு போடுவா? அந்த வீலுதான் சரியில்ல. பழைய வீலு, ஓட்டை தேஞ்சிருக்கும், நட்டு எப்படி நிக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிறகு சொல்லலாம், ஆபரேஷன் முடியட்டும், அந்த அம்மா எழுந்து உட்காரட்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. போன் குழுவில் ஒருவர், இனிமேல் பழைய அலாய் வீல் போட்ட வண்டி மலைக்கு வரக் கூடாது என்று எழுதினார். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

பாயின் மச்சினன் நிலக்கோட்டையில் இருந்து வந்தவர், என் காது கேட்கவே பாயைக் கேட்டார்: "வீட்டுல ஒரு கொலுசு வாங்கித் தர வக்கில்ல, வண்டிக்கு சோக்கு கேக்குதோ உமக்கு?" பாய் தோளில் கட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் இருந்து நேராக நிலக்கோட்டைக்கு, தாய் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். நசுங்கிய காரைப் பழைய இரும்புக்காரர் வந்து கட்டி இழுத்துப் போனார்.

நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். ஊரை விட்டுப் போனேன். பாலக்காட்டுப் பக்கம் டிப்பர் ஓட்டினேன். என் காரை விற்றுவிட்டேன். அங்கே ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். திண்டுக்கல்லைத் தவிர வேறு எந்த ஊரிலும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. வேறு இடத்துக்குப் போகவும் தோன்றவில்லை, இருக்கவும் பிடிக்கவில்லை. தினமும் காலையில் டிப்பரின் நட்டுகளை ஒரு தடவைக்கு மூன்று தடவை இறுக்குவேன். கூட இருந்தவர்கள் கிறுக்கன் என்றார்கள்.

ஒருநாள் டீச்சர் போன் செய்தார். பாயின் மனைவி இன்னும் திரும்பி வரவில்லை என்றும், வருவதாகவும் இல்லை, பிரித்துவிடுவது பற்றி ஜமாத்தில் பேசுகிறார்கள் என்றும் சொன்னார். "அந்த வீலை மாட்டாம இருந்திருந்தா அம்புட்டும் இல்ல" என்றார். போனை வைத்துவிட்டு அன்று மதியமே பஸ் ஏறினேன். என்னால் ஒன்று செய்ய முடியும் என்று அப்போது நினைத்தேன். தப்பு பாய் மேல் இல்லை என்று சொன்னால் அந்தக் குடும்பம் சேர்ந்துவிடும். தாமதமாகத்தான், ஆனால் சொல்லிவிடலாம்.

பாய் கிடங்கில் தோல் அடுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். "வா மாப்ள, எங்க போய்த் தொலைஞ்ச" என்று பழையபடியே கூப்பிட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கதை சொல்லப் போனது, இறுக்காமல் கோடு போட்டது, உச்சியில் சந்தேகம் வந்தும் பார்க்காதது, ஆஸ்பத்திரி வாசலில் வாயை மூடிக்கொண்டது.

அவர் கையில் இருந்த தோலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அதான் நீ ஓடிப் போனியா" என்றார். பிறகு, "அவ சொன்னா மாப்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பழம் வாங்கிட்டு இறங்கையில, பின்னாடி டக்கு டக்குன்னு சத்தம் கேக்குதுங்க, வண்டி ஆடுதுங்க, செத்த நிறுத்திப் பாருங்கன்னு சொன்னா. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. எனக்கும் கேட்டுச்சு. ரோடு சரியில்லன்னு சொன்னேன். அவ விடல. மாப்ள பாத்து கோடு போட்டுருக்கான், உனக்கு என்ன தெரியும், வாய மூடிட்டு வான்னு சொன்னேன். அடுத்த வளைவுல போயிருச்சு."

அலாய் வீலுக்காகத்தான் அந்த அம்மா வரவில்லை என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. பாய் இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் சொல்லவில்லை.

பாய் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. எழுந்து சட்டையை மாற்றினார். "இத அவகிட்ட வந்து சொல்றியா? நட்டு லூசா இருந்தது எனக்குத் தெரியாதுன்னாவது தெரியட்டும்" என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பஸ்ஸில் நிலக்கோட்டைக்குப் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாயின் வலது கால், பஸ் வளையும்போதெல்லாம் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

அந்த அம்மா வாசலுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுவரில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. "வாங்கண்ணே" என்றார். கணவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணியை எடுத்தார். நான் கிடங்கில் சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொன்னேன். பாய் கதவோரம் நின்றார். நான் முடித்ததும், "கேட்டியா, அவன்தான் இறுக்கலையாம்" என்றார்.

அந்த அம்மா கையில் இருந்த சட்டையை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்தார். கோபமாகப் பேசவில்லை. சமையலுக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்வதுபோல் சொன்னார்:

"நீங்க போட்ட கோட்ட அவரு நம்புனாரு. அவரு நம்புவாருன்னு நீங்க போட்டீங்க. உங்க கதைய பத்துப் பேரு கேட்டாங்க. நான் வண்டிக்குள்ள உக்காந்து சத்தம் கேக்குது சத்தம் கேக்குதுன்னு சொன்னேனே அண்ணே, அத யாரு கேட்டா?"

அடுத்த துணியை எடுத்து உதறினார்.

"நட்டு லூசா இருந்தா என்ன, டைட்டா இருந்தா என்ன. இனிமே எனக்கு எது வலிச்சாலும் அவருகிட்ட சொல்லத் தோணாது. சொல்லத் தோணாத வீட்டுல போயி நான் என்ன செய்ய?" என்றவர், உள்ளே பார்த்து, "அம்மா, அண்ணனுக்கு டீ போடுங்க" என்றார்.

டீ வந்தது. குடித்தோம். கிளம்பும்போது அந்த அம்மா எழுந்து நிற்க முயன்றார். இடது கால் குட்டையாகிவிட்டது. ஊன்றுகோலைப் பிடித்து நிற்க வெகுநேரம் ஆனது. நாங்கள் இருவரும் கையை நீட்டினோம். இரண்டு கையையும் அவர் பிடிக்கவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பாய், "நான் வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். மாப்ள என்ற வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை அந்தக் கிடங்கு வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. டீச்சரிடமும் மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரியும்.

இப்போதும் கூப்பிடுகிறவர்களுக்கு வண்டி ஓட்டத்தான் போகிறேன், வேறு தொழில் தெரியாது. பின் சீட்டில் யாராவது, ஒரு குழந்தையாவது, "என்னமோ சத்தம் கேக்குது" என்று சொன்னால் போதும், அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. வண்டிக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள், நேரமாகிறது என்கிறார்கள். நின்ற வண்டிக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும், நான் நிறுத்த வேண்டிய வண்டி இது இல்லை, அது போய் மூன்று வருடம் ஆகிறது என்று.